ஈரத்துணி போட்ட வாளி

சன்னலோரத்தில் இருந்த வாளி மறுபடியும் அசைந்தது. மேலே போட்டிருந்த ஈரத்துணி புடைத்து எழும்ப, உள்ளே ஏதோ ஒன்று பிறாண்டிவிட்டு அடங்கியது. சைமி தன் பார்வையை வலுக்கட்டாயமாக எதிரே இருந்தவர்கள் பக்கம் திருப்பினாள்.

அவர்கள் ஐராவும் தௌனோவும். லாஹ்தி ஏரி ஆய்வு நிலையத்தில் இருபது ஆண்டுகளாக அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்ப்பவர்கள். நேர்காணலுக்கு வருவோரை முதலில் அறையில் உட்காரவைத்துவிட்டு, பிறகு இருவரும் சேர்ந்து உள்ளே வருவது அங்கு வழக்கம். ‘அறியும் ஆவல் உள்ளவர்கள் மட்டும் வரவும், படிப்பு அதற்குப் பிறகுதான்’ என்று விளம்பரம் கொடுத்தவர்களும் அவர்களே.

“சொல்லுங்க சைமி, தெரிஞ்சுக்கிற ஆவல் உங்களுக்கு எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார் ஐரா. “ரொம்ப ஜாஸ்தின்னு மட்டும் சொல்லிடாதீங்க. காலையிலேருந்து வந்த ஆறு பேரும் அதைத்தான் சொன்னாங்க.”

“சொல்லிட்டு நல்லா சாஞ்சு உக்காந்துக்கிட்டாங்க. சுத்திமுத்திப் பார்க்கக்கூட இல்ல” என்று சிரித்தார் தௌனோ.

சைமிக்குச் சுருக்கென்றது. அப்படியானால் அந்த வாளிதான் பரீட்சை! ஆனால், அடுத்தவர் பையில் என்ன, வாளியில் என்ன என்று கேட்பது அவள் வளர்ந்த வீட்டில் பெருங்குற்றம். பரீட்சையாக இல்லாமல் அது யாருடைய சொந்தப் பொருளாகவோ இருந்துவிட்டால், மானம் போய்விடும், வேலையும் போய்விடும். இந்த வேலையும் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு, வடக்கே அக்காள் வீட்டுக் கூடத்தில் படுக்கை போடவேண்டியதுதான்.

அவளுடைய கால் மேசைக்கடியில் தானாக ஆடத் தொடங்கியது. பதில் சொல்லிக்கொண்டிருந்தாளே தவிர, என்ன சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

வரவேற்பில் இருக்கும் ஹில்கா காப்பியோடு வந்தாள். “ஐரா, காலையில முதல் ஆளா வந்தவர் போன் பண்ணினார். எதையோ மறந்து விட்டுட்டுப் போயிட்டாராம். அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கிறாராம்.”

“சரி, வரட்டும்.”

“என்ன ஹில்கா, காப்பியா இது? ஏரியிலேருந்து மொண்டுட்டு வந்தியா?” என்றார் தௌனோ.

“இன்னிக்குக் காப்பி போட்டது நீங்கதான், தௌனோ” என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அந்தச் சத்தத்தில் வாளி ஒரு குதி குதித்தது. துணியின் ஓரத்தில் நீண்ட மீசை போன்ற ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. ஐரா தன் காகிதங்களைச் சற்றே தள்ளி வைத்துக்கொண்டார். தௌனோ தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

“அவ்வளவுதான்” என்று ஐரா பேனாவை மூடினார். “எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?”

“லீவு எத்தனை நாள்னு கேளுங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க” என்று எடுத்துக்கொடுத்தார் தௌனோ.

சைமி எழுந்தாள். வாசல்வரை போனாள். கைப்பிடியைத் தொட்டவள் சட்டென்று திரும்பினாள்.

“மன்னிச்சுக்குங்க. கேக்கக்கூடாதுதான். ஆனா கேக்காம என்னால வீட்டுக்குப் போக முடியாது. அந்த வாளியில என்ன இருக்கு?”

தௌனோ மேசையை ஓங்கித் தட்டினார்.

“அப்பாடா! ஏழாவதா வந்தவங்களாவது கேட்டீங்களே!”

ஐராவின் முகம் மலர்ந்தது. “இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கோம். கண்ணு முன்னாடி ஒண்ணு இந்தக் குதி குதிக்குது, என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலைன்னா, அவங்களை வச்சுக்கிட்டு ஏரிக்குள்ள நாங்க எதைக் கண்டுபிடிக்கிறது? திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

சைமிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காள் வீடும் படுக்கையும் எங்கோ தொலைந்து போயின. ஆனாலும் அவளுடைய கால் மட்டும் வாசலைத் தாண்ட மறுத்தது.

“ரொம்ப நன்றிங்க. ஆனா, உள்ள என்னதான் இருக்கு?”

ஐரா பெருமையோடு தௌனோவின் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு.”

வாய்க்குக் கொண்டுபோன காப்பிக் கோப்பை தௌனோவின் கையில் பாதியில் நின்றது.

“நானா? அதைக் கொண்டுவந்து வச்சது நீ இல்லையா?”