ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கோடாலி

"அருவாள் வேண்டாம் அண்ணாச்சி. படத்துல கோடாலிதானே போட்டிருக்கு? ஜல்தி மாத்துங்க, டெம்போ வெளியே நிக்குது."

சொரிமுத்துவுக்குச் சுள்ளென்று வந்தது. அடுத்த நொடியே அலுப்பும் வந்தது.

தாராவிப் பட்டறைக்கு நடுவே அந்தக் கரும்பாலை ஆளுயரத்துக்கு நின்றது. நெட்டுக்குத்தலாக மூன்று மர உருளைகள், மேலே இரும்புத் தகடு. முன்னூறு வருடத்துக்கு முன்னால் கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துச் சர்க்கரை காய்ச்சிய ஆலையின் மாதிரியாம். நாளைக்குக் கண்காட்சி திறப்பு. எடுத்துப் போக வந்திருப்பவள் ரஷீதா, கண்காட்சிக் கம்பெனிக்காரி.

"இந்த வேலையும் திரும்பி வந்துச்சுன்னா நாளைக்கு நீரு வரவே வேண்டாம்வே" என்று முதலாளி நம்பிராஜன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேறு எந்தப் பட்டறையிலும் சொரிமுத்துவை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஐம்பத்தாறு வயது மட்டும் அதற்குக் காரணமில்லை.

படத்தில் உருளைக்குப் பக்கத்துத் தூணில் கோடாலி தொங்கியது நிஜம்தான். வரைந்தவன் கரும்பையே கண்ணால் பார்க்காதவன் என்று அவராக முடிவு கட்டி, அருவாளாகத் திருத்திவிட்டார். திருநெல்வேலிக்காரர் வேறு என்ன செய்வார்?

"கரும்பு என்ன தேக்கு மரமா? கோடாலி வச்சு எவன்மா வெட்டுவான்?"

ரஷீதா தயங்கினாள். அவரைப் பார்க்கவில்லை. உருளைகளைப் பார்த்துச் சொன்னாள்.

"கரும்புக்கு இல்ல அண்ணாச்சி. கைக்கு."

ராத்திரி பகலாக உருளைக்குக் கரும்பு ஊட்டுவார்கள் அடிமைகள். கண் செருகும். கரும்போடு விரலும் போகும். விரலைக் கவ்விய உருளை கையையே இழுக்கும். பக்கத்தில் நிற்கிறவன் கோடாலியை எடுத்து ஒரே போடாகப் போட்டுக் கையை உருளைக்கு விட்டுவிட்டு ஆளை மட்டும் மீட்பான்.

"மெஷினை நிறுத்த மாட்டாங்களாம்மா?"

"நிறுத்தினா சாறு புளிச்சுப் போகும்ல."

இதே கேள்வியை அவர் முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறார். பிளாஸ்டிக் அரைக்கிற பட்டறை ஒன்றில். தொண்டை கிழியக் கத்திக் கேட்டார். மெஷின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

சொரிமுத்து உள்ளே போனார். பட்டறையில் மரம் பிளக்கிற கோடாலியையே எடுத்து வந்தார். அருவாளுக்காக அடித்திருந்த ஆணியைப் பார்த்தார். உருளையிலிருந்து ஆறடி.

"படத்துல தூரம் ஏதும் போட்டிருக்கா?"

"இல்ல. எங்க மாட்டினாலும் சரிதான்."

"எங்க மாட்டினாலும் சரி இல்லம்மா." ஆணியைப் பிடுங்கினார். "ஆறடி ஆகாது. ஓடிப்போய் எடுத்துட்டு வாரதுக்குள்ள தோள் வரைக்கும் போயிரும்."



உருளையை ஒட்டிய தூணில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்கன. ஆணியை நீங்க பிடிங்க தாயி, நான் அடிக்கேன்."

பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இடது கைன்னாலும் பன்னெண்டு வருஷப் பழக்கம். உங்க விரல் மேல படாது."

சுத்தியலை ஓங்கினார்.

மூன்றாவது அடியில், தோளோடு மடித்து ஊக்குக் குத்தியிருந்த வலது சட்டைக்கை அவிழ்ந்து வெறுமனே தொங்கியது.