வீட்டுக்கு ஒரு நோயாளி

மருமகள் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் மாமியார் கட்டிலிலிருந்து தரையில் விழுந்தாள்.

“எழுந்திரிங்க அத்தை. என்னைப் பார்த்து நோயாளி மாதிரி நடிக்காதீங்க. வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்.”

“உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா.”

“டாக்டர் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னார்?”

“உனக்கும் அதையேதானே சொன்னார்?”

மருமகள் கையை ஓங்கினாள். அதற்குள் தண்ணீர்ச் சொம்பு பறந்து வந்து அவள் நெற்றியைப் பிளந்தது.

ஓடி வந்த கணவன் காயத்தில் துண்டை வைத்து அழுத்தினான். “அம்மாவா எறிஞ்சாங்க? எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்களே.”

“யாரோ தூண்டி விட்டிருக்காங்க. அது யாருன்னு மட்டும் தெரியட்டும், கையை உடைக்கிறேன்.”

அவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனைத் திறந்தாள். அவளைப் போல எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத களைப்பு நோய் உள்ளவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அவள் வலியை நம்புகிறவர்கள் அங்கே மட்டும்தான் இருந்தார்கள். ‘தீப்பொறி’ என்ற பெயரில் அங்கே எல்லோருக்கும் தைரியம் சொல்கிறவளும் அவள்தான்.

‘சருகு’ என்ற பெயரிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது.

“தீப்பொறி அக்கா, பொறுத்தது போதும், கைக்குக் கிடைச்சத எடுத்து அடின்னு நேத்து சொன்னீங்களே. இன்னைக்கு சொம்பால அடிச்சுட்டேன். மருமக மண்டை உடைஞ்சிருச்சு. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளியதான் நிக்கிறேன், கையில இஸ்திரிப் பெட்டி இருக்கு. அடுத்து என்ன பண்ணட்டும்னு சீக்கிரம் சொல்லுங்க அக்கா.”