சல்லடைக்குத் தப்பிய தாள்

அணுசக்திப் பாதுகாப்பு அலுவலகத்தில் தலைமைப் பரிசீலகருக்குச் 'சல்லடை' என்றுதான் பெயர். மின் உற்பத்தியைக் கூட்ட அனுமதி கேட்ட அணுமின் நிலையத்தை, மூன்று மாதமாகக் கேள்வி கேட்டே சலித்தெடுத்துவிட்டார்.

கடைசித் தாளோடு உதவிப் பொறியாளர் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவசரக் குளிர்விப்பு பம்ப் சோதனை சார். இருபது வருஷம் முன்னாடி எடுத்தது. பத்து அளவும் புள்ளி பிசகாம ஒரே மாதிரி இருக்கு. பம்ப் பக்கமே போகாம உட்கார்ந்த இடத்துல எழுதியிருக்காங்க. ஏட்டுச் சுரைக்காய்."

"இத்தனை வருஷம் ஓடலையா?"

"அப்ப சூடு கம்மி. இப்ப கூட்டப்போறாங்க. பம்ப் தாங்கலைன்னா ஊரே காலி சார். மறுபடி சோதிக்கச் சொல்லலாம்."

"அதுக்கு நிலையத்தையே நிறுத்தணும். விட்டுடும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கமா தப்பினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பும் மனுஷன்.

"எழுதினது யாருன்னாவது கேட்கலாமே சார்? பேர் மேல முத்திரை விழுந்து தெரியலை."

"அவனைக் குத்தம் சொல்லாதே. பதினாறு மணி நேர ஷிஃப்ட் முடிஞ்சு நிக்கிறான். லிஃப்ட் வேற ரிப்பேர். நாலு மாடி இறங்கி யார் போவா?"

அவள் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"லிஃப்ட் ரிப்பேர்னு இதுல எங்கேயும் இல்லையே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு எனக்கும் உன் வயசுதான்."

அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவோடு அவள் பக்கம் தள்ளினார்.

"ரெண்டாவது கையெழுத்து நீ போடு. பயப்படாதே, உன் பேர் மேலயும் முத்திரையை நானே குத்திடறேன்."