உதட்டில் ரெண்டு தையல்

"யாரு அடிச்சது?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார் பாக்கியநாதன். எதிரே மகள் ஜெனிபர். மேலுதடு வீங்கி, அதில் ரெண்டு தையல்.

"யாரும் அடிக்கல நைனா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து கஞ்சி டம்ளரோடு வந்தான் மருமகன் ஜெரால்ட்.

"வாங்க மாமா. பைக்கை ஒரு பள்ளத்துல உட்டுட்டேன். பின்னாடி உக்காந்துகினு இருந்தாளா, அடி பட்டுடுச்சு."

ரெண்டு பொய்யும் நடுக்கூடத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

பக்கத்து வீட்டு செண்பகம் போனில் சொன்னது சரிதான் என்று பாக்கியநாதனுக்குப் புரிந்துவிட்டது. 'அண்ணே, நேத்து உங்க பொண்ணு வாயில தையலு, துணியெல்லாம் ரத்தமா வந்துச்சு. இன்னான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுக்கும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.' மீஞ்சூரில் கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்திருந்தார்.

ஜெரால்டை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே அவ்வளவாகப் பிடிக்காது. தேர்வாய் கண்டிகையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் உத்தியோகம். குழாய் ஒழுகினால் ஒரு வாஷர் மாற்றத் தெரியாது. ஃபேன் சத்தம் போட்டால் மாமனாருக்குப் போன் வரும். காலமெல்லாம் ஃபிட்டராக இருந்து, ரிட்டயரான பிறகும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூ திருப்பும் ஆலன் கீ வைத்திருக்கும் மனிதருக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையை எப்படிப் பிடிக்கும்? ஆனாலும் கை நீட்டுவான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"பொண்டாட்டி வில்வித்தை கத்துக்கறான்னு வில்லு வாங்கிக் குடுக்கறது, போட்டிக்குக் கூட்டினு போறது, எல்லாம் ஊருக்குக் காட்டத்தானா?" குரல் தெருமுனை வரைக்கும் போனது. "போன ஞாயித்துக்கெழம வந்தப்போகூட அவ வில்லு சாமானெல்லாம் தொடச்சு வெச்சு, இறுகிப்போயிருந்த அந்த ட்ரிக்கரைப் பூ மாதிரி ஈஸி பண்ணிக் குடுத்துட்டுப் போனேன். எம்பொண்ணுக்கு வெரல் வலிக்கக் கூடாதுன்னு நெனைக்கறவன் நானு. நீ இன்னாடான்னா வாயையே கிழிச்சு வெச்சிருக்கே!"

ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டான். ஜெனிபர் நிமிர்ந்தாள்.

"நைனா, அது வந்து..."

"ஜெனி, வேணாம்" என்றான் ஜெரால்ட்.

"பாத்தியா! எம் முன்னாடியே மெரட்டுறான்!"

"ஐயோ, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல நைனா."

"அடி வாங்குற எல்லாப் பொண்ணுங்களும் இதைத்தான்மா சொல்லுதுங்க. துணிய எடுத்து வை. மீஞ்சூருக்குப் போலாம். இனிமே இந்த ஊட்ல உனக்கு வேலையில்ல."

அவள் அசையவில்லை. அவரே உள்ளே போய் ஒரு பையை எடுத்தார். கொடியில் கிடந்த சுடிதாரையும் துண்டையும் அதில் திணித்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

வில்வித்தை கோச் மணவாளன்.

"இன்னாம்மா, வலி கொறஞ்சுதா? அப்பாவா? வணக்கம் சார்" என்றபடி கையிலிருந்ததை மேஜைமேல் வைத்தார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வார், அதன் நுனியில் நாணைக் கவ்வும் கொக்கி, கீழே துப்பாக்கிக்கு இருப்பது போல ஒரு ட்ரிக்கர். அதற்கு ரிலீஸ் என்று பெயர்.

"இப்பதான் இதைச் செக் பண்ணேன். நாணை இழுக்கும்போது வெரல் ட்ரிக்கருக்குப் பின்னாடிதான் இருக்கணும் சார். குறி பாத்தப்புறம்தான் முன்னாடி வரணும். உங்க பொண்ணு அதுல கரெக்டு. ஆனா எவனோ ஸ்க்ரூவைத் திருப்பி ரொம்ப லூஸ் பண்ணி வெச்சிருக்கான். நேத்து இழுத்துகினு இருக்கும்போதே அதுவா உட்டுடுச்சு. இழுத்த வேகத்துல அவ கையே அவ வாயில குத்திடுச்சு. கண்ணுல பட்டிருந்தா இன்னா ஆவறது?"

பாக்கியநாதன் கையிலிருந்த பை நழுவியது.

"செட்டிங்கை மாத்துனா மொதல்ல ஒரு கயித்து வளையத்துல மாட்டி இழுத்துப் பாக்கணும். நேரா வில்லுல பூட்டலாமா? இதுல யாரு கை வெச்சதுன்னு ஆஸ்பத்திரியிலயே கேட்டேன். புருஷனும் பொண்டாட்டியும் வாயத் தொறக்கல. யாருய்யா அந்தப் புத்திசாலி?"

பாக்கியநாதனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வாயெடுத்தார்.

அதற்குள் ஜெரால்ட் முந்திக்கொண்டான்.

"நான்தான் சார். தெரியாம திருப்பிட்டேன்."

"படிச்சவன்தானேய்யா நீ? பொண்டாட்டி மேல கொஞ்சமாவது அக்கறை இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

"தப்புதான் சார்."

சற்றுமுன் மாமனாரிடம் குனிந்த அதே தலை, இப்போது மாமனாருக்காகக் குனிந்து நின்றது. பாக்கியநாதனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறி மருமகனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்து, மணவாளனின் உள்ளங்கையில் வைத்தார்.

"அவரைத் திட்டாதீங்க சார். எங்க மாப்ளைக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாது."