விருப்ப ஒழுங்கு

"முதலாவதா என்னத்தப் போட?" என்று கேட்டாள் றிபா.

பல்கலைக்கழக விண்ணப்பத்தின் மாதிரிப் படிவம் எங்கள் இருவருக்கும் நடுவில், சீமெந்துத் தூசி படிந்த மேசையில் கிடந்தது. பேனை அவள் கையில். விரும்பும் படிப்புகளை வரிசையாக எழுதும் 'விருப்ப ஒழுங்கு' என்ற பகுதியில் முதல் கட்டம் காலியாக இருந்தது.

நாளைக் காலை இதை இன்டர்நெட் கடைக்குக் கொண்டுபோய், பார்த்துப் பார்த்துக் கணினியில் பதிந்து அனுப்ப வேண்டும். நாளைதான் கடைசி நாள்.

ஆங்கில மாலை வகுப்பு முடிந்து நேரே இங்கே வந்திருந்தேன். றிபாவின் உம்மா மர்ஷூதா மாமிதான் கூப்பிட்டார். "நீ எல்லாத்தையும் வாசிச்சி வெச்சிருக்கிற புள்ள, நீ வந்து நிரப்பிக் குடு" என்று மூன்று தடவை போன் எடுத்திருந்தார்.

அது உண்மைதான். விண்ணப்பக் கையேட்டை மூன்று தடவை வாசித்திருக்கிறேன். விதிகளை எண் போட்டுக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். மொத்தம் இருபத்திரண்டு. எழுதிய பிறகும் சந்தேகம் வந்து திரும்பப் பார்ப்பேன். எங்கள் வகுப்பில் பதினொரு பேருக்கு அந்தக் கொப்பியை வைத்துத்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

றிபா கையேட்டைத் திறக்கவே இல்லை. "அத வாசிச்சா எனக்கு நித்திரை வருது கமீலா. நீ செல்லு, நான் எழுதுறன்."

உயர்தரப் பரீட்சையில் மாவட்டத்தில் அவள் நாற்பதாவது. போன வருடம் எங்கள் மாவட்டத்தில் மருத்துவத்துக்கு எடுத்தது நாற்பது பேரை.

மாமி தேத்தண்ணியோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் பூசாத சுவர். றிபாவுக்காக எழும்பிக்கொண்டிருக்கிற வீடு அது. எங்கள் ஊரில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். யன்னல்களுக்கு இன்னும் கதவு போடவில்லை. கடற்காற்று படிவத்தைத் தூக்கியது. கொப்பியை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"முதல்ல ஒலுவில் கம்பஸப் போடு மகள்" என்றார் மாமி என்னிடம். "பக்கத்துலதானே, பின்னேரம் அஸறுக்கு றிபா வீட்ட வந்துருவா. ரெண்டாவதா மெடிசினப் போடு. மார்க்ஸ் காணுமெண்டா அவங்களே மெடிசினத் தருவாங்கதானே."

"மெடிசின் இல்லாட்டி நான் இங்க நிண்டு சீமெந்துதான் குழைக்கணும் உம்மா" என்றாள் றிபா.

"குழையன். மேசன் ரெண்டு நாளா வரல்ல."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊரில் பாதிப்பேர் மாமி சொன்னதைத்தான் நம்புகிறார்கள். பக்கத்தில் இருப்பதைப் பாதுகாப்புக்கு முதலில் எழுதி வைத்தால் போதும், புள்ளி இருந்தால் பெரியது தானாக வந்து சேரும் என்று.

வராது. என் கொப்பியில் ஏழாவது விதி, சிவப்பு மையால் இரண்டு கோடு: முதலில் எழுதியது கிடைத்தால் அதற்குக் கீழே உள்ள எதையும் பார்க்கமாட்டார்கள். ஒலுவில் அவளுக்கு நிச்சயம் கிடைக்கும். எட்டாவது விதி: ஓரிடத்தில் பதிந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

றிபா என் பக்கம் திரும்பினாள். "உம்மா செல்றது சரியா கமீலா? ரெண்டாவதா போட்டாலும் மெடிசின் வருமா?"

நான் மாவட்டத்தில் நாற்பத்தோராவது.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை.

கொப்பியைத் திறந்து காட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூடத் தேவையில்லை. என் கை கொப்பியின் மேல்தான் இருந்தது. கையை எடுத்தால் படிவம் பறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஓம்" என்றேன்.

றிபா முதல் கட்டத்தில் ஒலுவிலின் இலக்கத்தை எழுதினாள். இரண்டாவதில் மருத்துவத்தின் இலக்கத்தை. ஒவ்வொரு எண்ணும் அச்சடித்ததுபோல இருந்தது.

"டொக்டராகினா இந்த எழுத்தக் கெடுத்துக்கணும், என்ன?" என்றாள்.

பொழுதுபட்டு மகரிபுக்குப் பாங்கு கேட்டது. தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

நாலு வீடு தாண்டிய பிறகுதான் கையில் கொப்பி இல்லை என்பது தெரிந்தது. ஏழாவது விதி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. றிபா சும்மா ஒரு தடவை புரட்டினாலே போதும்.

திரும்பி ஓடினேன்.

கேற்றடியில் மாமி நின்றார். கையில் என் கொப்பி, பழைய பேப்பரில் சுற்றியிருந்தது.

"றிபாட கண்ணுல படல்ல" என்றார் மெதுவாக. "அந்தச் சட்டம் எனக்குப் போன கிழமையே தெரியும் மகள். மெடிசினெண்டு எங்கயோ தூரத்துல, யாழ்ப்பாணத்துக்கோ காலிக்கோ அவளப் போட்டா நான் என்ன செய்ற? நான் செல்லி அவ கேக்கமாட்டா. நீ சென்னா கேப்பா. மாவட்டத்துல உன்ட நம்பரையும் விசாரிச்சித்தான் உன்னக் கூப்பிட்டன்."

அன்பாகத்தான் சொன்னார். கொப்பியை என் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

கதவில்லாத யன்னலில் றிபாவின் தலை தெரிந்தது.

"கமீலா, காலையில நீயும் கடைக்கு வரணும். நீ ஒருக்காப் பாத்து சரியெண்டு செல்லாம நான் அனுப்பமாட்டன்."

மாமியின் பிடி இறுகியது.

"ஓம்" என்றேன், இரண்டாவது தடவையாக.