அப்பாவின் சவரக் கண்ணாடி

மாலை வெயில் பால்கனியில் சாய்ந்து கிடக்கிறது. அப்பா நடுங்கும் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். போரில் வானொலிக் குரலாக மட்டுமே அவர் அறிந்த விமானி இன்று முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார். அன்று எதிரிகள் நெருங்கியபோது வானொலி செத்துப்போனது. அப்பா தோட்டாக்களுக்கு நடுவே எழுந்து நின்று, சவரக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, தம் ஆட்கள் இருக்கும் இடத்தை விமானத்துக்குக் காட்டினார். குண்டுகள் அவர்களைத் தாண்டி எதிரிகள் மேல் விழுந்தன. எல்லோரும் பிழைத்தார்கள். "இந்தக் கையையா அவர் பாக்கணும்?" என்று அப்பா காலையிலிருந்து முனகுகிறார்.

கடிதத்தில் எழுதியிருந்தபடியே தொப்பி வைத்த முதியவர் ஒருவர் எங்கள் வாசலைக் கடந்து போகிறார். "அண்ணே! இங்க, மாடியில!" அம்மா தொண்டை கிழியக் கத்தியும் அவர் திரும்பவில்லை. அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். "எஞ்சின் சத்தத்துல அவருக்குக் காது போயிடுச்சுன்னு சொன்னீங்களே! ஏரோப்ளேனையே கூப்பிட்ட மனுஷன், ஒரு ஆளைக் கூப்பிட முடியாதா?" அப்பா உள்ளே போய், விளிம்பில் ரசம் உதிர்ந்த அந்தக் கண்ணாடியோடு வருகிறார். சிறுமியாக நான் காலை நேரங்களில் சுவரெல்லாம் துரத்திய அதே வெளிச்சம், எதிர்வீட்டுச் சுவரில் ஏறி, சைக்கிள் மேல் தாவி, முதியவருக்கு முன்னால் விழுந்து துடிக்கிறது. அவர் நிற்கிறார். திரும்பி, கண்களைச் சுருக்கி, அதைத் தன் மார்பில் வாங்கிக்கொள்கிறார். சட்டைப் பொத்தான்கள் மேல் அது ஆடுகிறது.

"அன்னைக்கும் இப்படித்தான்யா ஆடுச்சு!" தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். "ஆடாம இருந்திருந்தா, ஏதோ தகரம்னு நெனச்சுப் போயிருப்பேன்!"

அப்பா கையை உயர்த்தி அசைக்கிறார், வலது கையை.