ஐந்து வருஷ வாரண்டி

கம்ப்யூட்டர் கடை முபாஷிர் பாய் இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிடுவேன். காசிமேட்டில் என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். இந்தச் சனியனில் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. எதைப் பார்த்து வாங்குவது?

என் மகன் தேசப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொப்பிக்குக் கீழே முடி கொட்டிப்போன பிடரி தெரிந்தது. நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகர வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தன.

வீட்டிலிருக்கும் அவனுடைய கம்ப்யூட்டர் திறப்பதற்குள் இங்கே ஒரு உலை கொதித்துவிடும். உள்ளே எல்லாவற்றையும் சேர்த்துவைக்க எஸ்எஸ்டி என்று ஒன்று போட்டால் பறக்கும், கேமெல்லாம் தொட்டவுடனே திறக்கும் என்பான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே போனில் அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தான். எது விலைக்குத் தகுந்த சரக்கு, எது வெறும் பகட்டு என்று நர்ஸுக்குக்கூடப் பாடம் எடுத்தான்.

போன வாரம் டாக்டர் என்னையும் அவன் அப்பாவையும் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் மருந்து கேட்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்கள் என்றார். பொங்கல் வரைக்கும் தாங்குவானா என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடி என் கையில் கொடுத்தார்.

ரத்தம் தேறிவிட்டது, அதனால்தான் அனுப்புகிறார்கள் என்று இவனிடம் சொன்னோம். இவன் தங்கச்சி சௌமியாவிடமும் அதையேதான் சொன்னோம். இருக்கிற நாளையாவது பிள்ளை சிரித்துக்கொண்டு கழிக்கட்டும். அவனுக்குத் தெரியக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த எஸ்எஸ்டி மட்டும்தான்.

“இத்த எடுத்தா ஒன் டிபி யக்கா, கேமு எவ்ளோ வேணா போட்டுக்கலாம், மூணு வருஷம் வாரண்டி. அத்த எடுத்தா எடம் பாதிதான், ஆனா சரக்கு கெட்டி, அஞ்சு வருஷம் வாரண்டி. வெல ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் பாய்.

தேசப்பன் கையில் ஒன் டிபிதான் இருந்தது. மற்றதில் இரண்டு மூன்று கேம் போட்டாலே நிரம்பிவிடுமாம். வரும்போது ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டான்.

மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று பாய் சாதாரணமாகச் சொன்னார். எனக்கோ அந்தக் கணக்கைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. சீக்கிரம் இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

“ரெண்டும் வாணாம் பாய். கடையிலயே ஒசந்தது எதுவோ அத்த குடு.”

பாய் மேல்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை, ஆனால் தம்பியுடைய பழைய கம்ப்யூட்டரில் அந்த வேகம் வராது, காசுக்குத்தான் கேடு என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். வராவிட்டால் பரவாயில்லை, போடு என்று பையைத் திறந்தேன்.

தேசப்பன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

“ம்மா, இன்னா வெலன்னு கூட நீ கேக்கல.”

கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசித் தெருவைக் கூட்டுகிறவள் நான். ஒருமுறை இவனுக்கு ஷூ வாங்கும்போது நான் பேசிய பேச்சில் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்கேன் எடுக்கிற இடத்தில்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று நின்று இவன் மானத்தை வாங்கியிருக்கிறேன்.

உனக்காகத்தானேடா என்றேன். கண்ணைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பணத்தை எண்ணினேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேல்தட்டிலிருந்து வந்த டப்பாவை ஓரமாகத் தள்ளினான். கையிலிருந்த ஒன் டிபியையும் மேசையில் வைத்தான்.

“அந்த அஞ்சு வருஷத்தயே குடு பாய்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாகப்போகிறோம் என்று தெரிந்தவன் ஐந்து வருஷத்துக்குச் சாமான் வாங்குவானா? பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்தான் வீணாகப் பயந்து செத்தேன். வடிவுடையம்மா, காப்பாற்றினாய் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

பாய்க்குத்தான் புரியவில்லை. உன் கேமெல்லாம் இதில் அடங்காதே தம்பி என்றார்.

“கேமுக்கு வாணாம் பாய். சௌமியா வர்ற வருஷம் காலேஜ் போவப்போறா. அவ படிச்சு முடிக்கிற வரிக்கும் தாங்கணும்.”

சொல்லிவிட்டு, மேசையைப் பிடித்து மெதுவாக எழுந்து, பாய்க்கு என் முகம் தெரியாதபடி என் முன்னால் வந்து நின்றான்.